நல்லூரின் பழைய வீதிகளில்



திருத்தூதர் பணிகள் நூலின் 17ஆம் அதிகாரத்தில் புனித பவுல் ஏதென்ஸ் நகரில் தனித்து நிற்கின்றார். சீலாவும் திமொத்தேயுவும் இன்னும் வந்து சேரவில்லை. காத்திருக்கும் நாள்களில் அவர் தங்கிய வீட்டுக்குள் அடைந்துகிடக்கவில்லை; ஊரைச் சுற்றிப் பார்க்கின்றார். எங்கும் சிலைகள். அவருடைய உள்ளம் கொதிக்கின்றது. ஆயினும் அவர் ஒரு கல்லையேனும் பெயர்த்தாரில்லை. பீடங்களை உற்று நோக்குகின்றார். அவற்றுள் ஒன்று அறியப்படாத தெய்வத்துக்கென அமைக்கப்பட்டிருப்பதை வாசித்து அறிகின்றார். அரயோப்பாகு மன்றத்தில் பேச எழுந்தபோது அந்த எழுத்திலிருந்தே தம் உரையைத் தொடங்கினார். அந்நாட்டுப் புலவர்கள் சொன்னதையும் துணைக்கு அழைத்தார். நம்பியவர்கள் சிலரே. அவர்களுள் தியொனீசியு என்பவரின் பெயரை, அக்ரோபோலிஸ் குன்றின் தென்புறமாகச் செல்லும் வீதி இன்றும் தாங்கி நிற்கின்றது.

அக்குன்றின் அடிவாரத்தில் பிளாக்கா என்னும் பழைய குடியிருப்பு இருக்கின்றது. உரோமர் காலச் சந்தை, துருக்கியர் காலப் பள்ளிவாசல், கிரேக்க மரபுவழித் திருச்சபையின் சின்னஞ்சிறு ஆலயங்கள் யாவும் ஒன்றையொன்று ஒட்டினாற்போல நிற்கின்றன. மேலே பார்த்தனன் ஆலயம். அது முதலில் அதேனா தேவியின் கோயில், பின்பு கிறிஸ்தவ ஆலயம், அதன்பின் பள்ளிவாசல். 1687ஆம் ஆண்டு அதனைப் பிளந்து எறிந்தவை கிறிஸ்தவ நாடாகிய வெனிசின் பீரங்கிகள். துருக்கியர் உள்ளே வெடிமருந்தைச் சேமித்து வைத்திருந்தனர் என்பது உண்மை. குண்டு நம்மவர்களுடையது என்பதும் உண்மை.

ஏதென்ஸ் நமக்குத் தொலைவு. ஆனால் நமக்கென்றும் ஒரு பழைய நகரம் உண்டு; அது துவிச்சக்கரவண்டி ஓடும் தூரத்தில் இருக்கின்றது. கொழும்புத்துறைக் குருமடத்தில் மாணவனாயிருந்த ஆண்டுகளில் நான் எத்தனை முறை நல்லூரைக் கடந்து சென்றிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. எபேசும் கொரிந்தும் எங்கே உள்ளன என்று கேட்டால் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டிவிடுவேன். முத்திரைச் சந்தியில் நிற்கும் சங்கிலியன் சிலைக்கு அப்பால் என்ன இருக்கின்றது என்று கேட்டிருந்தால் விழித்திருப்பேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், எமது பங்கின் மறைக்கல்வி மாணவர் இருபது பேரளவில் அழைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலை அங்கே நடந்தேன். பவுல் அடிகளாரின் பயணங்களைப் படிப்பித்து முடித்திருந்தோம். ஒரு பழைய நகரத்தில் நடப்பது எப்படியிருக்கும் என்பதைப் பிள்ளைகள் காலால் உணரட்டும் என்பதே என் எண்ணம். சங்கிலித்தோப்பு வளைவைப் பார்த்தோம். மந்திரிமனைக்குச் சென்றோம். இன்றுள்ள அக்கட்டடம் அரசர் காலத்தது அன்று, பிற்காலத்தது என்பர். எக்காலத்ததாயினும் அதன் சிதைவைப் பார்க்கக் கவலையாகவே இருக்கின்றது. சுவரில் தங்கள் பெயர்களைக் கீறி வைத்துச் சென்றவர்களைப் பற்றிப் பிள்ளைகளிடம் சற்றுக் கோபமாகவே பேசினேன். பின்பு யமுனா ஏரிக்கு வந்தோம். ‘ப’ என்னும் எழுத்தின் வடிவில் வெட்டப்பட்ட கேணி அது. யமுனை நதியின் தீர்த்தத்தைக் கொணர்ந்து இதில் கலந்தார்கள் என்பது வழிவழி வந்த செய்தி.

அங்கேதான் சிறுவன் ஒருவன் கேட்டான்.

“சுவாமி, அந்தப் பழைய கந்தசாமி கோயிலை ஆர் இடிச்சது?”

“போர்த்துக்கேயர்.”

“அவையள் வேதக்காரர்தானே? எங்கட ஆக்களோ?”

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நேரமாகிவிட்டது, இன்னும் சட்டநாதர் கோயிலடிக்குப் போக வேண்டும், வரிசையாக நில்லுங்கள் என்றேன். அயல்வீட்டு முதியவர் ஒருவர், நெற்றியில் திருநீற்றோடு, பிள்ளைகளுக்குக் குடிப்பதற்குத் தண்ணீர் கொண்டுவந்து நின்றார். கேள்வியும் அவர் காதில் விழுந்தது. நான் விடை சொல்லாமல் நழுவியதும் அவர் கண்ணில் பட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சிறுவனை அருகே அழைத்து, மாரி காலத்தில் கேணி எந்தப் படிவரை நிரம்பும் என்று காட்டிக்கொடுத்தார். என்னைச் சங்கடத்திலிருந்து மீட்கவே அவர் அப்படிச் செய்தார் என்பதை வீடு திரும்பிய பின்னரே உணர்ந்தேன். அன்றிரவு செபிக்க மனம் ஒன்றவில்லை.

அந்தச் சிறுவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். 1619ஆம் ஆண்டு பிலிப் தே ஒலிவேறா என்னும் தளபதியின் தலைமையில் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசை வென்றனர். கடைசி மன்னன் சங்கிலி சிறைப்பிடிக்கப்பட்டுக் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே மரண தண்டனைக்கு உள்ளானான். 1621இல் ஒலிவேறா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைத் தரைமட்டமாக்கினான். இதனை எழுதிவைத்தவர் எதிரி அல்லர். பெர்னாவோ தே கெய்றோஸ் என்னும் இயேசு சபைக் குரு. இடிக்க வேண்டாம் என்று ஊர்மக்கள் திரும்பத் திரும்ப மன்றாடினார்கள் என்பதையும், அவர்கள் மன்றாட மன்றாட ஒலிவேறாவின் உறுதி வலுத்தது என்பதையும், அவர் புகழ்ச்சியாகவே எழுதிச் செல்கின்றார். வாசிக்கும்போது நெஞ்சைச் சுடுவது இடித்த செய்தியைக் காட்டிலும் அந்தப் புகழ்ச்சிதான். அக்கோயிலின் கற்கள் கோட்டை கட்டுவதற்குச் சென்றன என்று ஊரில் சொல்லப்படுகின்றது. அது எவ்வாறாயினும், அவர்கள் கட்டிய கோட்டைக்குப் புதுமைகளின் அன்னையின் பெயரைச் சூட்டினார்கள் என்பது வரலாறு. நம் அன்னையின் பெயரை!

கோயில் முதலில் நின்ற இடம், இன்று அங்கிலிக்கன் திருச்சபையின் புனித யாக்கோபு ஆலயம் அமைந்துள்ள முத்திரைச் சந்திப் பக்கம் என்பது பலருடைய கருத்து.

இதைப் பேசினால் நம்மவர் சிலர் உடனே 1544ஆம் ஆண்டைச் சொல்வார்கள். அவ்வாண்டு, முந்திய சங்கிலி மன்னனின் ஆணையால், மன்னாரில் புதிதாகத் திருமுழுக்குப் பெற்றிருந்த அறுநூறுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அவர்களை மறைசாட்சிகளாக நாம் போற்றுகின்றோம், போற்ற வேண்டும். அந்த ஆணை பிறந்ததும் இதே நல்லூர் அரசிலிருந்துதான். ஆனால் மறைசாட்சியின் இரத்தம், பிறருடைய கோயிலை இடிப்பதற்கான பற்றுச்சீட்டு அன்று. கல்வாரியில் சிந்தப்பட்ட இரத்தத்துக்கு ஆண்டவர் யாரிடமும் பழி கேட்கவில்லை.

வேறு சிலர், “அது போர்த்துக்கேயர் செய்தது, நாம் தமிழர், நமக்கும் அதற்கும் என்ன?” என்பார்கள். பாதி நியாயம் இதில் உண்டு. 1658இல் ஒல்லாந்தர் வந்த பிறகு நம் மூதாதையரும் ஒளிந்து வாழ்ந்தவர்கள்தாம். நம் ஆலயங்கள் பறிக்கப்பட்டன, குருக்கள் துரத்தப்பட்டனர். பார்த்தனன் சிதறிய அதே 1687இல்தான் புனித யோசேவ் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் இந்நாட்டுக்கு வந்தார். 1689ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் செபிக்கக் கூடிய கத்தோலிக்கர்கள் யாழ்ப்பாணத்தில் கைதுசெய்யப்பட்டனர். நெற்றியில் நீறு பூசுவோரும் கழுத்தில் சிலுவை அணிவோரும் ஒரே காலத்தில் ஒரே ஆட்சிக்கு அஞ்சி, இருட்டில் வழிபட்ட ஊர் இது. இந்தக் கதையை நாம் நம் பிள்ளைகளுக்குத் தவறாமல் சொல்கின்றோம். அதற்கு முந்திய கதையை விட்டுவிட்டுச் சொல்கின்றோம்.

போர்த்துக்கேயர் வழி வந்த மரியன்னை பக்தியை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்கள் வழி வந்த புனிதர்களின் பெயர்களைப் பிள்ளைகளுக்கு இடுகின்றோம். முதுசொம்மைப் பெற்றுக்கொள்பவன் கடனை மட்டும் வேண்டாம் என்று சொல்ல எந்த ஊர் வழக்கும் இடம்கொடுக்காது.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2001ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் திகதி ஏதென்சுக்குச் சென்றார். 1054ஆம் ஆண்டுப் பிளவுக்குப் பின் கிரேக்க மண்ணில் கால் வைத்த முதல் திருத்தந்தை அவரே. வரவேற்பு இனிமையானதாய் இருக்கவில்லை. எதிர்ப்பு ஊர்வலங்கள் நடந்தன. பேராயர் கிறிஸ்தொதூலொஸ் பழைய குறைகளை அவர் முகத்துக்கு நேரே எடுத்துரைத்தார். முதுமையாலும் நோயாலும் தளர்ந்திருந்த திருத்தந்தை, 1204இல் இலத்தீன் திருச்சபையின் பிள்ளைகள் கொன்ஸ்தாந்திநோப்பிளைச் சூறையாடியதற்காக இறைவனிடம் மன்னிப்பை வேண்டினார். பேராயர் கைதட்டினார் என்று செய்திகள் வெளிவந்தன. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் கழிந்த பிறகு! வெனிசையும் சிலுவைப் போர் வீரரையும் சுட்டி, “அவர்கள் செய்தது” என்று அவரும் சொல்லியிருக்கலாம். அன்று மாலையே அரயோப்பாகுக் குன்றில் இருவரும் கூட்டறிக்கை ஒன்றை வெளியிட்டனர். பவுல் பேசிய அதே இடத்தில்.

நல்லூரில் 1621இலிருந்து கணக்கிட்டால் நானூறு ஆண்டுகள் கடந்துவிட்டன.

இந்நாள்களில் குடாநாட்டில் சமயத்தின் பெயரால் வாய்த்தர்க்கங்கள் மலிந்திருக்கின்றன. இத்தகைய வேளையில் இதை எழுதுவது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்ப்பதாகாதா என்று என் நண்பரான குரு ஒருவர் கேட்டார். நான் எதிர்மாறாக எண்ணுகின்றேன். நாம் சொல்லாமல் விடும் வரலாற்றை வேறொருவர் சொல்வார். அவர் அதை எப்படிச் சொல்வார் என்பது நம் கையில் இல்லை. நம் பிள்ளை பதினாறு வயதில் அதனைத் தெருவில், ஏளனமாக, முதன்முதலாகக் கேட்டறிந்தால், அவன் தன் அயலவனை மட்டுமன்றித் தன் குருவையும் நம்பமாட்டான்.

இதில் நமக்கு முன்னோடி இல்லாமலும் இல்லை. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் (1875–1947) கத்தோலிக்கக் குரு. அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்தவர். சைவக் குடும்பத்தில் பிறந்தவர். பன்மொழி அறிஞராகிய அவரை ஊரின் பெயரோடு சேர்த்தே தமிழுலகம் அழைத்தது. நல்லூரில் இருந்து பணிசெய்தபடியே யாழ்ப்பாண மன்னர்களின் வரலாற்றை ஆராய்ந்து, 1928இல் ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ என்னும் நூலை வெளியிட்டார். அவருடைய முடிவுகள் சிலவற்றை இன்றைய ஆய்வாளர் ஏற்பதில்லை. அது பெரிதன்று. மறைபரப்பச் சென்ற ஊரின் மண்ணை அவர் வாசித்தார்.

இன்னொரு செய்தியும் என் மனத்தை விட்டு அகல்வதில்லை. இன்றைய கந்தசுவாமி கோயிலை 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், ஒல்லாந்தர் ஆட்சியிலேயே, மீள அமைத்தவர் இரகுநாத மாப்பாண முதலியார். அவருடைய முழுப்பெயர் தொன் யுவான் இரகுநாத மாப்பாண முதலியார். தொன் யுவான்! திருமுழுக்கில் இடப்படும் பெயர். அக்காலத்தில் உத்தியோகம் பார்க்கவும் காணி உரிமை பெறவும் இத்தகைய பெயர் தேவைப்பட்டது. அரசுக்கு ஒரு பெயர், உள்ளத்துக்கு ஒரு பெயர் என்று இரண்டைச் சுமந்து வாழ்ந்த தலைமுறைகளை எண்ணிப் பார்க்கின்றேன். திருமுழுக்கு நீரை இப்படியும் ஒரு சுமையாக்கி மக்களின் தலையில் ஏற்றினோமே.

ஆலயம் வீழ்வது எப்படிப்பட்டது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1995ஆம் ஆண்டு யூலை 9ஆம் திகதி நவாலி புனித பேதுரு ஆலயத்தின்மீது குண்டுகள் வீழ்ந்தன. அடைக்கலம் தேடி வந்திருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நான் அப்போது இளைஞன். அவ்வாண்டு சைவ மக்கள் எத்தனை பேர் நம்மோடு அழுதார்கள் என்பதை அறிவேன். அன்று நாம் பட்டதை, 1621இல் மாசி வெயிலில் நின்ற ஒரு நல்லூர்த் தாயும் பட்டிருப்பாள் அல்லவா?

நினைவுத்தூண் எழுப்ப வேண்டும் என்றோ, பெருவிழா எடுத்து மேடையில் மன்னிப்புக் கோர வேண்டும் என்றோ நான் கேட்கவில்லை. மேடைகள் நம்மிடம் ஏற்கெனவே அதிகம். நம் மறைக்கல்விப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் முத்திரைச் சந்தியிலிருந்து யமுனா ஏரிவரை நடக்கட்டும். கூடச் செல்லும் குருவோ ஆசிரியரோ, கேட்கப்படும் கேள்விக்கு நேராக விடை சொல்லட்டும். அந்தச் சின்னங்களைத் துப்புரவாக்க அயலார் கூடும் நாளில் நம் இளைஞர் மன்றத்தாரும் மண்வெட்டியோடு போய் நிற்கட்டும்.

நான் மறுபடியும் நல்லூருக்குச் சென்றேன், தனியாக. அந்த முதியவரின் வீட்டுப் படலையைத் தட்டினேன். அன்று சிறுவன் கேட்ட கேள்விக்கு உரிய விடையை அவரிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “உள்ள வாங்கோ, பாதர்” என்றார். தேநீர் வந்தது. கேள்வி கேட்ட சிறுவன் இப்போது உயர்தர வகுப்பில் படிக்கின்றான். தவக்காலத்தில் அடுத்த தொகுதிப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது அவனும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கின்றான். பிள்ளைகளுக்குத் தண்ணீர் தம் வீட்டில்தான் என்று முதியவர் இப்போதே சொல்லிவைத்துவிட்டார்.