'போதாதா?' என்று கேட்பது யார்?

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துப் போட்டியில் அணி முதலாளிகளுக்கும் வீரர்களுக்கும் ஒப்பந்தத் தகராறு வரும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. கோடி கோடியாகச் சம்பாதிக்கிறார்களே, இன்னும் போதாதா? ஒரு பந்தை வளையத்துக்குள் போடுவதற்கு இவ்வளவு பணமா? பணக்காரனுக்கும் பெரும்பணக்காரனுக்கும் நடக்கும் சண்டையில் நமக்கென்ன வேலை? நம் தோழர்களில் சிலரும் இப்படித்தான் கேட்கிறார்கள். கூலி கிடைக்காதவர்கள் தெருவில் நிற்கும்போது கோடீஸ்வர வீரர்களின் சங்கத்தைப் பற்றிப் பேசுவது ஆடம்பரம் என்கிறார்கள்.

பேச வேண்டும் என்கிறோம் நாங்கள். ஏனென்றால் இந்தப் 'போதாதா' நமக்கு நன்றாகப் பழகிய சொல். அரைப்படி நெல் கூடக் கேட்ட வெண்மணி உழைப்பாளிகளுக்கு 1968-இல் கிடைத்த பதில் என்ன என்று நமக்குத் தெரியும். இடஒதுக்கீட்டில் படிக்க வந்த மாணவரிடம் இன்றும் வகுப்பறையில் கேட்கப்படுவது இதுதான்: இத்தனை வருடம் கொடுத்தது போதாதா? தொகை மாறும், நாடு மாறும். கேட்பவர் மட்டும் எப்போதும் தன்னைக் கொடுக்கிறவராகவும் எதிரில் நிற்பவரை வாங்கிக்கொள்கிறவராகவும் வைத்தே பேசுகிறார்.

என்.பி.ஏ. வீரர்கள் அடிமைகள் என்று நாங்கள் சொல்லவில்லை. அவர்களின் சம்பளத்தையும் ஒரு பண்ணையாளின் கூலியையும் ஒன்றாக வைப்பது பண்ணையாளுக்குச் செய்யும் அவமரியாதை. நாங்கள் பார்க்கச் சொல்வது உறவை. யார் உழைக்கிறார், யார் உடைமையாளர், சாவி யார் கையில் இருக்கிறது?

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்வோம். நம் ஊடகங்கள் இந்தத் தகராறுகளைப் பொதுவாக 'வீரர்கள் வேலைநிறுத்தம்' என்று எழுதிவிடுகின்றன. ஆனால் 1995, 1996, 1998, 2011 ஆகிய நான்கு முறையும் நடந்தது வேலைநிறுத்தம் அல்ல, கதவடைப்பு. ஆட மாட்டோம் என்று வீரர்கள் சொல்லவில்லை. நாங்கள் சொல்லும் பங்குக்குச் சம்மதிக்கும்வரை உள்ளே வராதே என்று முதலாளிகள்தான் பூட்டினார்கள். 1998-99 பருவத்தில் ஓர் அணிக்கு 82 ஆட்டங்கள் இருக்க வேண்டிய இடத்தில் 50 ஆட்டங்களே நடந்தன. 2011-இல் 161 நாள் பூட்டு. டிசம்பர் 25 அன்று தொடங்கிய அந்தப் பருவத்தில் அணிக்கு 66 ஆட்டங்கள்.

2011-இல் என்ன தகராறு? கூடைப்பந்தால் வரும் வருமானத்தில் நூற்றுக்கு 57 பங்கு வீரர்களுக்கு என்று பழைய ஒப்பந்தம் இருந்தது. முதலாளிகள் நட்டக் கணக்கை எடுத்து நீட்டினார்கள். 30 அணிகளில் 22 நட்டத்தில் ஓடுகின்றன, ஆண்டுக்கு 30 கோடி டாலர் போகிறது என்றார்கள். விளைச்சல் இல்லை என்று அறுவடை நாளில் கணக்குச் சொல்லும் மிராசுதாரைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அதற்கு முந்தைய ஆண்டுதான், 2010-இல், கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி 45 கோடி டாலருக்கு விலைபோயிருந்தது. நட்டத்தில் ஓடும் தொழிலை 45 கோடிக்கு வாங்க யார் வரிசையில் நிற்பார்? ஆண்டு வரவுசெலவில் நட்டம் காட்டலாம். அணியின் விலை ஏறிக்கொண்டே போகும். அந்த ஏற்றத்தில் வீரருக்குப் பங்கு கிடையாது. கடைசியில் வீரர்களின் பங்கு ஏறக்குறைய பாதியாகக் குறைக்கப்பட்டது. நூற்றுக்கு ஏழு என்பது கேட்கச் சின்ன எண். ஆண்டுக்கு 25 கோடி டாலருக்கு மேல் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனது.

ஏன் விட்டுக்கொடுத்தார்கள்? காத்திருக்கும் சக்தி யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் கதவடைப்பு ஆயுதமாகும். முதலாளிக்கு வேறு தொழில்கள் உண்டு. ஒரு பருவம் போனால் இன்னொன்று வரும். பெரும்பாலான வீரர்களின் ஆட்ட வாழ்க்கை சில ஆண்டுகளில் முடிந்துவிடும். அதில் ஒரு வருடம் போனால் திரும்பாது. நட்சத்திர வீரர் தாங்குவார். பட்டியலின் கடைசியில் இருப்பவர் தாங்க மாட்டார். அரங்கத்தில் தின்பண்டம் விற்றவர்களும் வாயிலில் சீட்டுக் கிழித்தவர்களும் ஒரு நாள்கூடத் தாங்க மாட்டார்கள். அவர்களின் கூலி பேச்சுவார்த்தை மேசைக்கே வரவில்லை. வீரர்களின் சங்கத்தின் மேல் நமக்குள்ள பெரிய விமர்சனம் இதுதான்.

அந்த அக்டோபரில் கறுப்பினப் பத்திரிகையாளர் பிரையன்ட் கம்பல், லீகின் ஆணையர் டேவிட் ஸ்டெர்னைத் தோட்டக் கங்காணியோடு ஒப்பிட்டுப் பேசினார். பெரிய கூச்சல் எழுந்தது. மிகைப்படுத்துகிறார் என்றார்கள். மூன்றே ஆண்டுகளில் பதில் வந்தது, அதுவும் ஒரு முதலாளியின் வாயிலிருந்தே.

2014 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸ் அணியின் உரிமையாளர் டொனால்ட் ஸ்டெர்லிங்கின் ஒலிப்பதிவு வெளியானது. கறுப்பர்களை என் ஆட்டங்களுக்கு அழைத்து வராதே என்று தன் தோழியிடம் சொல்கிறார். அதைத்தான் எல்லோரும் பேசினார்கள். அதைவிட முக்கியமான இடம் அதே பதிவில் இருக்கிறது. தன் அணி வீரர்களுக்குச் சோறும் துணியும் காரும் வீடும் தானே தருவதாகச் சொல்கிறார். வேறு யார் தருகிறார் என்று கேட்கிறார். ஆட்டத்தை உண்டாக்குவது நானா, அவர்களா என்றும் கேட்கிறார்.

நம் மொழியில் இதற்குப் பெயர் உண்டு: படியளக்கிறவர். களத்தில் நெல்லை விளைவித்தவரிடமே, உனக்குப் படியளப்பது நான் என்று சொல்லும் ஆண்டையின் பேச்சு இது. பத்தில் ஏழு பேருக்கு மேல் கறுப்பர்களாக உள்ள வீரர்களின் உழைப்பில் நடக்கும் ஒரு தொழிலில், அந்த உழைப்பால் கொழுத்தவர் தன்னைப் புரவலர் என்று நம்புகிறார். சம்பளம் கோடியைத் தொட்ட பிறகும் அந்த எண்ணம் கரையவில்லை.

அவருக்குக் கிடைத்த தண்டனையையும் பாருங்கள். ஆயுள் தடை, 25 லட்சம் டாலர் அபராதம். 1981-இல் சுமார் 1 கோடியே 25 லட்சம் டாலருக்கு வாங்கிய அணி 200 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. தன் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கறுப்பர்களுக்கும் லத்தீன் அமெரிக்கர்களுக்கும் பாகுபாடு காட்டினார் என்று அரசு தொடுத்த வழக்கை 2009-இலேயே 27 லட்சம் டாலருக்கு மேல் கட்டி முடித்தவர் அவர். அப்போது லீக் அசையவில்லை. ஒலிப்பதிவு வந்து, விளம்பரதாரர்கள் ஓடத் தொடங்கி, தன் வீரர்களே சட்டையைத் திருப்பிப் போட்டு அணிப் பெயரை மறைத்துக்கொண்டு களத்துக்கு வந்த பிறகுதான் அசைந்தது.

வீரர்களுக்கு இன்றுள்ள எந்த உரிமையும் முதலாளிகளின் பெருந்தன்மையால் வந்ததல்ல. 1964 ஜனவரி 14, பாஸ்டன் நகரம். நட்சத்திர ஆட்டம் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பாக இருந்த இரவு. ஓய்வூதியத்துக்கு உறுதி தராமல் களத்தில் இறங்க மாட்டோம் என்று வீரர்கள் உடைமாற்றும் அறையில் உட்கார்ந்துவிட்டார்கள். சங்கத் தலைவர் டாம் ஹைன்சன் வெள்ளையர்; உள்ளே பில் ரசல், ஆஸ்கர் ராபர்ட்சன், எல்ஜின் பேலர் போன்ற கறுப்பின வீரர்கள். லேக்கர்ஸ் முதலாளி தன் வீரர்களான பேலருக்கும் ஜெர்ரி வெஸ்டுக்கும் மிரட்டல் சொல்லி அனுப்பினார். மிரட்டல் எடுபடவில்லை. ஒளிபரப்பு நேரம் நெருங்கியது. ஆணையர் வந்து வாக்குக் கொடுத்த பிறகே ஆட்டம் தொடங்கியது. முதலாளிக்கு உன் உழைப்பு மிகவும் தேவைப்படும் நிமிடம் எது என்று தெரிந்து வைத்திருந்தார்கள், அந்த நிமிடத்தில் ஒன்றாக இருந்தார்கள்.

அடுத்து ஆஸ்கர் ராபர்ட்சன். அமெரிக்காவின் தேசிய அளவிலான விளையாட்டுச் சங்கம் ஒன்றுக்குத் தலைவரான முதல் கறுப்பர் அவர். அன்று ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் வீரர் விரும்பிய அணிக்குப் போக முடியாது. அவர்மேல் பழைய அணிக்கே உரிமை. ஒரு பண்ணையை விட்டு இன்னொரு பண்ணைக்குப் போக ஆண்டையின் சம்மதம் வேண்டும் என்றிருந்த தஞ்சை வட்டாரத்து நிலையை நாம் நினைத்துக்கொள்ளலாம். 1970-இல் ராபர்ட்சனும் சங்கமும் வழக்குப் போட்டார்கள். அது தீர 1976 ஆயிற்று. அணி மாறும் சுதந்திரத்துக்கு வழி திறந்தபோது ராபர்ட்சன் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். தனக்குப் பயன்படாத உரிமைக்காக அவர் போராடினார்.

இன்னொரு பாடம் கசப்பானது. 1998 கதவடைப்பின்போது, லாபம் பார்க்க முடியாவிட்டால் அணியை விற்றுவிடுங்கள் என்று வாஷிங்டன் முதலாளியின் முகத்துக்கு நேராகச் சொன்னவர் மைக்கேல் ஜோர்டான். 2011-இல் அதே ஜோர்டான் சார்லட் அணியின் உரிமையாளர். வீரர்களின் பங்கை இன்னும் வெட்ட வேண்டும் என்ற கடும்போக்கு முதலாளிகளின் வரிசையில் அவர் பெயர் முன்னே வந்தது. நம்மவர் ஒருவர் மேலே போய்விட்டால் எல்லாம் மாறும் என்று நம்பும் தோழர்கள் இதைப் படிக்க வேண்டும். நாற்காலியை மாற்றாமல் ஆளை மட்டும் மாற்றினால், நாற்காலி ஆளை மாற்றிவிடும். 2023-இல் ஜோர்டான் தன் பெரும்பங்கை விற்ற பிறகு அந்த ஒரு நாற்காலியும் போயிற்று. பெரும்பங்கு உரிமையாளர்களில் கறுப்பர் ஒருவரும் இல்லை.

2020 ஆகஸ்ட் 26 அன்றுதான் வீரர்கள் உண்மையிலேயே வேலையை நிறுத்தினார்கள். விஸ்கான்சினில் ஜேக்கப் பிளேக்கைப் போலீஸ் முதுகில் சுட்டதைக் கண்டித்து மில்வாக்கி பக்ஸ் வீரர்கள் களத்துக்கு வரவில்லை. மற்ற அணிகளும் பெண்கள் லீகும் சேர்ந்துகொண்டன. வேலைநிறுத்தம் செய்ய மாட்டோம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. அதை மீறித்தான் நின்றார்கள். மூன்று நாளில் ஆட்டம் மீண்டும் தொடங்கியது. சில அரங்குகள் வாக்குச்சாவடிகளாயின. சுட்ட போலீஸ்காரர்மேல் வழக்குப் போடப்படவில்லை. மூன்று நாள் போதவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதே ஆண்டு இன்னும் துணிந்தவர்கள் பெண்கள். அட்லாண்டா டிரீம் அணியின் இணை உரிமையாளர் கெல்லி லோஃப்லர் அமெரிக்க செனட்டர். கறுப்பின உயிர்களுக்கான இயக்கத்தை லீக் ஆதரிப்பதை எதிர்த்தார். அவருடைய அணி வீராங்கனைகளே அவரை எதிர்த்து நின்ற கறுப்பின வேட்பாளர் ராபேல் வார்னாக்குக்கு வாக்களியுங்கள் என்று சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். 2021 ஜனவரியில் லோஃப்லர் தோற்றார். பிப்ரவரியில் அணி கைமாறியது. இத்தனைக்கும் அவர்களின் சம்பளம் என்ன? 2024-இல் அந்த லீகின் முதல் தேர்வான கெய்ட்லின் கிளார்க்குக்கு முதல் ஆண்டுச் சம்பளம் 76,535 டாலர். 2023-இல் ஆண்கள் லீகின் முதல் தேர்வான வீரருக்கு 1 கோடியே 20 லட்சம் டாலருக்கு மேல். 2025 ஜூலையில் நட்சத்திர ஆட்டத்துக்கு வந்த பெண்கள், எங்களுக்குத் தர வேண்டியதைத் தாருங்கள் என்ற வாசகத்தோடு வந்தார்கள். இன்னும் கொஞ்சம் தாருங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. கடனைத் திருப்பிக் கேட்டார்கள்.

அம்பேத்கர் 1946-இல் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதியதும், 1972-இல் மும்பை இளைஞர்கள் தங்களைத் தலித் சிறுத்தைகள் என்று அழைத்துக்கொண்டதும் இந்த உறவை அறிந்ததால்தான். 1938-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்தபோது, வேலைநிறுத்த உரிமையைச் சுதந்திரத்திலிருந்து பிரிக்க முடியாது என்று வாதாடினார் அம்பேத்கர். குறைந்த கூலிக்காரருக்கு மட்டுமே அந்த உரிமை என்று அவர் வரம்பு கட்டவில்லை. வரம்பு கட்டினால் அடுத்த நாளே நமக்கும் ஒரு வரம்பு வரும். உதவித்தொகை கிடைக்கிறதே, விடுதி இருக்கிறதே, வேலை கொடுத்தோமே, போதாதா?

என்.பி.ஏ.வின் இப்போதைய ஒப்பந்தம் 2029-30 பருவம்வரை. தொலைக்காட்சி உரிமை 11 ஆண்டுகளுக்கு 7,600 கோடி டாலருக்குப் போயிருக்கிறது. அடுத்த பேச்சுவார்த்தையில் முதலாளிகள் மறுபடியும் நட்டக் கணக்கோடு வருவார்கள், 'போதாதா' மறுபடியும் எழும். அப்போது தோழர்களே, வீரரின் சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள். மொத்தம் எவ்வளவு, அதில் உழைத்தவர் பங்கு எவ்வளவு, வாயிலில் நின்றவருக்கு எவ்வளவு, பூட்டியது யார் என்று கேளுங்கள். அந்த நான்கு கேள்விகளையும் நம் ஊர் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரின் சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டும் கேளுங்கள்.