நோரா மூடிய கதவு

மொழிபெயர்ப்பு நாடகமொன்றின் நேர்மையை அதன் முடிவிலேயே உரைத்துப் பார்த்தல் வேண்டும் என்பது எமது கருத்து. இப்சனின் 'பொம்மை வீடு' பிறநாட்டு மேடைகளிற் பெற்ற வரவேற்பே இதற்குத் தக்க சான்றாகும்.

1879 டிசம்பரில் கொப்பன்ஹேகனில் இந்நாடகம் முதன்முதலாக மேடையேறியது. தன்னைப் பொம்மையாகவே நடத்திய கணவனையும் மூன்று பிள்ளைகளையும் விட்டு நோரா வெளியேறுகிறாள். வாயிற்கதவு மூடப்படும் ஓசையோடு திரை வீழ்கிறது. அவ்வோசையை அயல்நாடுகள் எளிதிற் பொறுத்துக்கொள்ளவில்லை. 1880இல் ஜேர்மனியில் நோராவாக நடிக்கவிருந்த ஹெட்விக் நீமன்-ராபே, பிள்ளைகளைப் பிரிந்து செல்லும் தாயாக நடிக்க மறுத்தார். பிறர் திருத்துவதிலும் தாமே திருத்துவது மேல் எனக் கருதிய இப்சன், உறங்கும் பிள்ளைகளின் அறைவாயிலில் நோரா மனந்தளர்ந்து வீழ்வதாக வேறொரு முடிவை எழுதிக்கொடுத்தார். அதனைக் காட்டுமிராண்டிச் செயலென்று அவரே பழித்தமை குறிப்பிடத்தக்கது. 1884இல் இலண்டனில் மேடையேறிய தழுவலிலும் மனைவி வீட்டிலேயே தங்கிவிட்டாள். வில்லியம் ஆர்ச்சரின் மொழிபெயர்ப்பு 1889இல் அரங்கேறிய பின்னரே அந்நகரத்துத் தொழில்முறை மேடையில் நோரா வெளியேறினாள்.

கீழைத்தேயத்தில் நிகழ்ந்ததோ வேறு. யப்பானில் 1911இல் ஷிமாமுரா ஹோகெட்சுவின் மொழிபெயர்ப்பில் மட்சுயி சுமாகோ நோராவாக நடித்தார். பெண் வேடங்களையும் ஆடவரே தாங்கிவந்த கபுகி மரபுடைய நாட்டில் அதுவே ஒரு புரட்சி. சீனாவில் 'புதிய இளைஞர்' சஞ்சிகை 1918இல் இப்சனுக்கெனத் தனி இதழ் வெளியிட்டு இந்நாடகத்தைப் பரப்பியது. 1923இல் பீக்கிங் மகளிர் கல்லூரியொன்றில் உரையாற்றிய லூ சுன், வெளியேறிய நோராவின் கதி யாது என்று வினவினார். கையிற் பொருளில்லாத பெண்ணுக்குச் சீரழிவோ வீடு திரும்புதலோ அன்றி வேறு வழியில்லை என்றார். 1935இல் நான்கிங் நகரில் நோராவாக நடித்த பாடசாலை ஆசிரியை ஒருவர் அதற்காகவே தம் உத்தியோகத்தை இழந்தார். லூ சுன்னின் வினா எத்துணை மெய்யானது என்பதை அந்நகரமே எண்பித்துவிட்டது.

மாற்றப்பட்ட முடிவுகள் அவையோருக்கு ஆறுதலளித்தன. ஆயின் எவ்வினாவையும் எழுப்பவில்லை. மாற்றப்படாத முடிவோ ஒரு நாட்டையே தன்னைப்பற்றிப் பேசவைத்தது. மொழிபெயர்ப்பாளன் வழக்குச்சொல்லை மாற்றலாம். உடையையும் பெயரையும்கூட மாற்றலாம். நாடகம் கேட்கும் கேள்வியை மாற்றும் உரிமை அவனுக்கில்லை. பாடசாலை மேடைக்கு ஒவ்வாதென்று இறுதிக் காட்சியைக் கத்தரிக்கத் துணியும் ஆசிரியர்கள், நான்கிங் ஆசிரியை கொடுத்த விலையை ஒருகணம் எண்ணிப் பார்ப்பார்களாக.