இணைநின்ற வெற்றி

மதுரையில் வையையின் வடகரையில் அமைந்தது செல்லூர். கைத்தறிக்கும் கபடிக்கும் பேர்பெற்ற ஊர் அது. ஆடுகளத்தில் மூத்தோர் இளைஞர்க்குப் பாடுதலையும் பிடித்தலையும் கற்பிப்பர். ஒருநாள் கற்றவன் கற்பித்தவரையே மடக்கிப் பிடித்துவிடுவான். அப்பொழுது அம்மூத்தவர் கொள்ளத்தக்கது நாணமா, மகிழ்ச்சியா? இவ்வினாவிற்கு வேறோர் ஆட்டத்தின் வரலாறு நல்விடை தருகின்றது.

கோல்ஃப் எனப்படும் குழிப்பந்தாட்டத்தில், சிறு பந்தைக் கோலால் அடித்துப் பரந்த புல்வெளியிலுள்ள பதினெட்டுக் குழிகளில் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்த்துதல் வேண்டும். குறைந்த அடிகளில் முடிப்பவரே வென்றவர். இவ்வாட்டத்திற்கென ‘இந்திய ஓப்பன்’ என்னும் பெரும்போட்டி 1964ஆம் ஆண்டில் தொடங்கியது. அதனைத் தொடங்கத் துணைநின்றவர் ஆஸ்திரேலிய வீரர் பீட்டர் தாம்சன். பிரிட்டிஷ் ஓப்பனை ஐந்து முறை வென்ற பெருவீரர் அவர். இந்தியப் போட்டியிலும் முதலாண்டில் அவரே வாகை சூடினார். 1966, 1976 ஆகிய ஆண்டுகளிலும் வென்றார்.

எனினும் அவர் இந்நாட்டிற்கு அளித்தது அம்மூன்று வெற்றிகளினும் பெரிது. அஃது இந்நாட்டு வீரர் வளர்தற்குரிய களமாகும். 1965இல் பி. ஜி. சேத்தி அப்போட்டியை வென்ற முதல் இந்தியரானார். பிறர்க்குக் கோற்பை சுமந்து ஆட்டம் பயின்ற அலி ஷேர், 1991இலும் 1993இலும் வென்றார். 2000, 2006 ஆகிய ஆண்டுகளில் வென்ற ஜோதி ரந்தாவா, 2007இல் மூன்றாம் முறையும் வென்று தாம்சனோடு இணைநின்றார். முப்பத்தோராண்டுகள் தனித்து நின்ற அருஞ்செயலுக்கு ஓர் இணை தோன்றியது.

“இணைநின்றாரேயன்றி விஞ்சினாரல்லர்” எனச் சிலர் குறை கூறுவர். அது பொருந்தாது. ஓங்கிய மலையின் உச்சியை இரண்டாமவர் அடைவதால் உச்சி தாழ்வதுமில்லை. முதலில் ஏறியவர் புகழ் குறைவதுமில்லை. அன்றியும், தமக்கு நிகராக எவரும் வரலாகாது என எண்ணுபவர் பிறர்க்குக் களம் அமைத்துக் கொடார். களம் அமைத்தவரோ, தம் புகழைப் பிறரொடு பகிர்ந்துகொள்ள அன்றே உடன்பட்டவராவார். ஆதலின் 2007இல் ரந்தாவா பெற்ற வெற்றியில், 2018இல் மறைந்த தாம்சனுக்கும் பங்குண்டு.

வென்று காட்டுதல் அரிது. பிறர் வெல்ல வழிவகுத்தல் அதனினும் அரிது. கற்றவனின் பிடியில் அகப்பட்ட செல்லூர் மூத்தவர் புன்முறுவலோடு எழுந்து, அவன் முதுகைத் தட்டிக்கொடுப்பாராயின், அன்று தோற்றவர் ஒருவருமிலர்.