இருபது சென் ஆட்டம், இரண்டு நாள் கூலி: இணையப் போக்கரில் தோல்வியைவிட ஆபத்தானது எது?

இரவு பதினொரு மணி. வீட்டில் எல்லாரும் படுத்துவிட்டார்கள். செம்பனைத் தோட்டத்தில் வேலை முடித்து வந்த இளைஞர் ஒருவர் கைப்பேசியில் போக்கர் மேசையில் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பந்தயம் 10 சென், 20 சென். மேசையில் வைத்த பணம் 20 வெள்ளி. மாமாக் கடையில் இரண்டு பேர் சாப்பிட்டு எழுந்தால் ஆகிற செலவுதான்.

நல்ல சீட்டு வருகிறது. முழுப் பணத்தையும் வைக்கிறார். கடைசிச் சீட்டில் எதிராளிக்கு அதிர்ஷ்டம் அடிக்க, 20 வெள்ளி போகிறது. இன்னொரு 20 வெள்ளி போடுகிறார். அதுவும் போகிறது. இப்போது அவருக்குக் கோபம். 50 வெள்ளி மேசைக்கு மாறினால் விட்டதை ஒரே ஆட்டத்தில் எடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது. அங்கே ஒரு 50, பிறகு இன்னொரு 50. மணி இரண்டாகும்போது 140 வெள்ளி காலி.

நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதை 26 வேலை நாளால் வகுத்தால் ஒரு நாள் கூலி ஏறக்குறைய 65 வெள்ளி. “இருபது சென் ஆட்டம்தானே” என்று தொடங்கியவர், மூன்று மணி நேரத்தில் இரண்டு நாள் உழைப்பைவிட அதிகமாக இழந்துவிட்டார்.

இணையச் சூதாட்டம் பற்றிய செய்திகள் பெரும்பாலும் போலீஸ் சோதனை, கும்பல் கைது, பறிமுதல் செய்யப்பட்ட கணினிகள் என்ற அளவில் முடிந்துவிடுகின்றன. அந்த நடவடிக்கைகள் தேவைதான். ஆனால், நம் குடும்பங்களில் பணம் கரைவது இந்த நள்ளிரவு மூன்று மணி நேரத்தில்தான். முதல் 20 வெள்ளியைச் சீட்டு எடுத்துக்கொண்டது. மீதி 120 வெள்ளியை எடுத்துக்கொண்டது அவருடைய கோபம்.

தோல்வி வரிசையாக வருவது இயல்பு

போக்கரில் திறமைக்கு இடம் உண்டு என்பதை மறுக்க முடியாது. எந்தச் சீட்டை விட வேண்டும், எப்போது பணத்தை ஏற்ற வேண்டும் என்று தெரிந்தவர், தெரியாதவரைவிட நீண்ட காலத்தில் நன்றாகவே ஆடுவார். சிக்கல் “நீண்ட காலம்” என்ற சொல்லில் இருக்கிறது.

டெக்ஸஸ் ஹோல்டெம் ஆட்டத்தில் கையில் கிடைக்கக்கூடிய சீட்டுகளில் உயர்ந்தது இரண்டு ஏஸ். எதிராளியிடம் இரண்டு ராஜா இருக்கும்போது முழுப் பணத்தையும் வைத்தால், ஏஸ் வைத்திருப்பவர் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 82. அதாவது ஆட்டத்தின் ஆகச் சிறந்த நிலையிலும் ஐந்து முறைக்குக் கிட்டத்தட்ட ஒரு முறை தோல்வி வரும். யாரும் ஏமாற்றத் தேவையில்லை. அது கணக்கு. இன்னும் எளிமையாகச் சொன்னால், காசு சுண்டிப் போடும் சமவாய்ப்பு ஆட்டத்தில் ஐந்து முறை தொடர்ந்து தோற்பதற்கான வாய்ப்பு 32-இல் ஒன்று.

இதோடு வேகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தீபாவளிக்கு வீட்டில் கூடிச் சீட்டு விளையாடினால், கலைத்து, பிரித்து, பேசி, பலகாரம் சாப்பிட்டு, மணிக்கு 25 அல்லது 30 ஆட்டம் ஓடினாலே பெரிது. இணையத்தில் ஒருவர் நான்கு மேசைகளை ஒன்றாகத் திறந்து வைத்து ஆடினால் மணிக்கு 250 ஆட்டத்தைத் தாண்டும். வீட்டு ஆட்டத்தில் ஆண்டுக்கு ஒரு முறை வரும் மோசமான நாள், இணையத்தில் வாரத்துக்கு ஒரு முறை வந்துவிடும். தன்னை மட்டும் துரதிர்ஷ்டம் துரத்துகிறது என்று ஆடுகிறவருக்குத் தோன்றுவதற்கு இந்த வேகம் ஒரு முக்கியக் காரணம்.

வீட்டு ஆட்டத்தில் அண்ணன் தோற்றால் பணம் தம்பியின் பையில் இருக்கும். இணைய மேசையிலோ நடத்துகிறவர் ஒவ்வொரு பந்தயத் தொகையிலிருந்தும் ஒரு பங்கைக் கமிஷனாக எடுத்துக்கொள்கிறார். சிறு பந்தய மேசைகளில் அது ஏறக்குறைய 5 விழுக்காடு. ஓர் இரவில் ஒரு மேசையில் 1,000 வெள்ளி பந்தயமாகச் சுழன்றால், 50 வெள்ளி யாருடைய கைக்கும் போகாமல் மறைந்துவிடும். ஓரளவு நன்றாக ஆடுகிறவரும் மாதக் கடைசியில் நட்டத்தில் நிற்பது இதனால்தான்.

மனம் சாயும் இடம்

தோற்ற கோபத்தில் நிதானம் இழந்து ஆடுவதைப் போக்கர் ஆட்டக்காரர்கள் ‘டில்ட்’ என்பார்கள். பின்பால் இயந்திரத்தைக் கோபத்தில் ஆட்டினால் அது ‘டில்ட்’ என்று காட்டி நின்றுவிடும். அதிலிருந்து வந்த சொல் இது. மனிதர்களிடம் அப்படி நின்றுவிடும் விசை இல்லை.

இதற்கு உளவியலில் விளக்கம் உண்டு. டேனியல் கானமன், ஏமஸ் டிவெர்ஸ்கி என்ற இரண்டு அறிஞர்கள் 1979-இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு செய்திகள் முக்கியமானவை. ஒன்று, கிடைத்த 20 வெள்ளி தரும் மகிழ்ச்சியைவிட இழந்த 20 வெள்ளி தரும் வலி பெரிது. அது ஏறக்குறைய இருமடங்கு என்பது அவர்களுடைய பிற்கால மதிப்பீடு. இரண்டு, லாபத்தில் இருக்கும்போது எச்சரிக்கையாக இருக்கும் மனிதன், நட்டத்தில் இருக்கும்போது துணிந்து இறங்குகிறான். 40 வெள்ளி போனதும் அந்த இளைஞர் 50 வெள்ளி மேசைக்கு ஏறியது இதனால்தான். அவர் முட்டாள் அல்லர். வலி முடிவெடுத்தது.

“இத்தனை முறை தோற்றாயிற்று, அடுத்தது எனக்குத்தான்” என்ற எண்ணம் இன்னொரு பொறி. 1913 ஆகஸ்டு 18-ஆம் நாள் மோண்டி கார்லோ சூதாட்ட மையத்தில் ரூலெட் சக்கரம் 26 முறை தொடர்ந்து கறுப்பில் நின்றது. “இனி சிவப்புதான்” என்று பணத்தைக் கொட்டியவர்கள் பெருந்தொகையை இழந்தார்கள். சக்கரத்துக்கு முந்தைய சுற்று நினைவில் இருப்பதில்லை. சீட்டுக்கட்டுக்கும் அப்படித்தான். நான்கு இலக்க எண்ணை வாரக்கணக்கில் விடாமல் எழுதி, “இந்த வாரம் விட்டால் அடித்துவிடும்” என்று பயப்படும் பெரியவர்களும் இதே பொறியில்தான் இருக்கிறார்கள்.

திருவள்ளுவர் சூதுக்கென்று 94-ஆவது அதிகாரத்தையே ஒதுக்கினார். வெற்றியை மீன் விழுங்கும் தூண்டில் இரும்புக்கு ஒப்பிட்டவர், அந்த அதிகாரத்தின் கடைசிக் குறளில், இழக்க இழக்கச் சூதின் மேல் ஆசை கூடுவதைச் சொல்கிறார். இன்றைய மனநல மருத்துவமும் அதே இடத்தில்தான் கை வைக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேடு, சூதாட்டக் கோளாறுக்கு ஒன்பது அறிகுறிகளைச் சொல்கிறது. விட்டதைப் பிடிக்கத் திரும்பத் திரும்பப் போவது, மனம் நொந்திருக்கும்போது ஆடுவது, வீட்டில் பொய் சொல்வது, ஆட்டத்தை நிறுத்த முயன்றால் எரிச்சலடைவது, பண நெருக்கடியிலிருந்து மீட்கப் பிறரை நம்புவது ஆகியவை அவற்றில் சில. ஓராண்டுக்குள் நான்கு அறிகுறிகள் தென்பட்டாலே அது நோய் என்கிறது அந்தக் கையேடு. பந்தயத் தொகை இவ்வளவு இருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. 20 சென் ஆட்டக்காரருக்கும் அது பொருந்தும்.

கட்டுப்பாடு உள்ளவர்கள் என்ன செய்கிறார்கள்?

போக்கரை நிதானமாக அணுகுகிறவர்களிடம் சில பழக்கங்கள் பொதுவாக இருக்கும். ஆட்டப் பணத்தைக் குடும்பப் பணத்திலிருந்து முற்றாகப் பிரித்து வைப்பார்கள். இரண்டு முறை போட்ட பணம் போனால் அன்றைய ஆட்டம் முடிந்தது என்பதை உட்காரும் முன்பே முடிவு செய்திருப்பார்கள். தோற்ற பிறகு பெரிய மேசைக்கு ஏற மாட்டார்கள். களைப்பிலோ குடித்துவிட்டோ வீட்டில் சண்டை போட்டுவிட்டோ ஆட மாட்டார்கள். எவ்வளவு போட்டோம், எவ்வளவு எடுத்தோம் என்று தவறாமல் எழுதி வைப்பார்கள்.

கடைசியில் சொன்னது எளிய சோதனை. ஒரு மாதம் எழுதிப் பார்க்கட்டும். வென்ற 80 வெள்ளி எல்லாருக்கும் நினைவிருக்கும். ஐந்து, பத்தாகப் போன 300 வெள்ளி நினைவிருக்காது. நாளுக்கு 10 வெள்ளி என்றால் மாதம் 300 வெள்ளி. 1,700 வெள்ளிச் சம்பளத்தில் அது ஆறில் ஒரு பங்கைவிட அதிகம்.

அதே நேரத்தில், இந்தப் பழக்கங்கள் இருந்தால் போதும் என்று சொல்லிவிடவும் முடியாது. காரணம் சட்டம்.

1953-இன் சட்டம், இன்றைய கைப்பேசி

மலேசியாவில் சூதாட்டத்தைக் கையாளும் முக்கியச் சட்டங்களான பொதுச் சூதாட்ட விடுதிகள் சட்டமும் பந்தயச் சட்டமும் 1953-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. சூதாட்ட விடுதியில் ஆடுகிறவருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டுமே விதிக்க அதில் இடமுண்டு. அந்தச் சட்டம் எழுதப்பட்டபோது விடுதிக்குச் சுவரும் கதவும் இருந்தன. இன்று விடுதி சட்டைப் பையில் இருக்கிறது. இணையத்தை உள்ளடக்கும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும் என்ற குரல் பல ஆண்டுகளாக எழுந்துவருகிறது.

சிங்கப்பூரில் நிலைமை தெளிவானது. 2022 ஆகஸ்டு 1-ஆம் தேதி நடப்புக்கு வந்த சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, உரிமமில்லாத இணையத்தளத்தில் ஆடுகிறவருக்கு 10,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். குடும்பத்தாரும் நண்பர்களும் வீட்டில் நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடுவதற்கு நிபந்தனைகளோடு அனுமதி உண்டு. அதையே இணையத்தில் செய்ய அனுமதி இல்லை. ஜொகூரிலிருந்து தினமும் பாலம் கடந்து வேலைக்குப் போகிறவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

நேரத்தைக் குறிவைத்த சட்டமும் உண்டு. தமிழ்நாடு அரசு 2025-இல் கொண்டுவந்த விதிமுறை, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நள்ளிரவு 12 மணி முதல் அதிகாலை 5 மணி வரை தடுத்தது. நிதானம் எந்த நேரத்தில் குறைகிறது என்பதைப் புரிந்துகொண்ட விதி அது. அதே ஆண்டு ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் ஒரு படி மேலே போய், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கே தடை விதிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

உரிமமில்லாத தளத்தில் ஆடுகிறவருக்குப் பாதுகாப்பு என்று எதுவும் கிடையாது. எதிரே ஆடுவது மனிதரா, கணினி நிரலா, ஒரே அறையில் உட்கார்ந்து சீட்டைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டமா என்று தெரியாது. வென்ற பணத்தைப் புலனம் வழி தொடர்பிலிருந்த முகவர் தராமல் எண்ணை மாற்றிவிட்டால், தானும் சட்டத்துக்குப் புறம்பான ஆட்டத்தில் இருந்ததைச் சொல்லாமல் புகார் கொடுக்க முடியாது. “இலவச கிரெடிட்”, “அங்பாவ்” என்று வரும் குறுஞ்செய்திகள் பெரும்பாலும் தோற்று ஒதுங்கியவரைத் திரும்ப அழைக்கும் தூண்டில்கள்.

இன்னும் மோசமானது அடுத்த படி. விட்டதைப் பிடிக்க ஆலோங்கிடம் கை நீட்டுவது, “கணக்கைக் கொடு, மாதம் இவ்வளவு தருகிறோம்” என்பவரிடம் வங்கி அட்டையை ஒப்படைப்பது. பிறர் பயன்படுத்த வங்கிக் கணக்கைக் கொடுப்பது குற்றம். 140 வெள்ளியை மீட்கப் போனவர் நீதிமன்ற வாசலில் நிற்க நேரிடும்.

வீட்டார் செய்யக்கூடியது

மகனோ கணவரோ தோற்றது தெரிந்ததும் நம் வீடுகளில் இரண்டில் ஒன்று நடக்கும். ஊரே கேட்கும்படி திட்டுவார்கள். அல்லது, மானம் போகக்கூடாது என்று நகையை அடகு வைத்துக் கடனைச் சத்தமில்லாமல் அடைப்பார்கள். இரண்டுமே உதவுவதில்லை. திட்டு மறைக்கக் கற்றுத்தரும். சத்தமில்லாமல் அடைத்த கடன், அடுத்த ஆட்டத்துக்கு வழி திறந்துவிடும்.

உதவ விரும்புகிறவர் முதலில் முழுக் கணக்கையும் கேட்க வேண்டும். எந்தத் தளம், எவ்வளவு கடன், யாரிடம் என்பதைச் சொல்ல வைத்து எழுத வேண்டும். சம்பளம் வேறொருவர் பார்க்கக்கூடிய கணக்குக்கு வரட்டும். மின்பணப்பையிலும் வங்கிச் செயலியிலும் நாள் வரம்பைக் குறைத்து வைக்கலாம். இரவில் கைப்பேசி கூடத்தில் இருக்கட்டும். ஆட்டக் குழுக்களிலிருந்து விலகி, முகவரின் எண்ணைத் தடுக்க வேண்டும்.

வங்கிக் கடன் மிஞ்சிவிட்டால், பேங்க் நெகாரா அமைத்த கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகே இலவசமாக வழிகாட்டும். மனம் தாங்காத நேரத்தில் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவையை 15555 என்ற எண்ணிலும், பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணிலும் அழைக்கலாம். சிங்கப்பூரில் சூதாட்டப் பிரச்சினைக்கான உதவி எண் 1800-6-668-668.

ஆலோங் வீட்டு வாசலில் சாயம் ஊற்றிய பிறகு ஊர் முழுக்கப் பேசும் செய்தி, பல மாதங்களுக்கு முன் ஓர் இரவில் 40 வெள்ளியில் தொடங்கியிருக்கும். அந்த 40 வெள்ளியை விட்டுவிட்டுப் படுக்கப் போயிருந்தால் அது வெறும் 40 வெள்ளிதான். “போனது போகட்டும்” என்று அடுத்த நாள் வேலைக்குக் கிளம்பியிருந்தால், அன்று மாலைக்குள் அதைவிட அதிகமாகவே கையில் வந்திருக்கும்.