தவணையைத் திருத்திக் கேட்பது நாணயக் குறைவா?

கொடுத்த வாக்கைக் காப்பதையே குடும்பத்தின் முதலெனக் கொண்ட கோயம்புத்தூர் வட்டாரத்தில் ஓர் அபிப்பிராயம் ஆழ வேரூன்றியிருக்கிறது: வீட்டின் பேரில் வங்கியில் கடன் வாங்கியவர் எப்பாடுபட்டேனும் தவணையைக் கட்டவேண்டும், இயலாவிட்டால் வீட்டை விட்டுவிட வேண்டும், நடுவிலே காலத்தை நீட்டித் தாருங்கள் என்று கேட்பது நாணயஸ்தனுக்கு அழகல்ல என்பதே அது. அதன் பின்னுள்ள கௌரவ உணர்ச்சியை மதிக்கிறேன். ஆனால் அந்த உணர்ச்சி குடும்பங்களைக் கொண்டுபோய் நிறுத்தும் இடத்தைப் பார்க்கையில் அதை மறுக்காதிருக்க முடியவில்லை.

எழுதிய ஒப்பந்தத்தை மாற்றலாகாது என்பது முதல் வாதம். மாறும் வட்டிக் கடனில் ஒப்பந்தமே மாறிக்கொண்டுதான் இருக்கிறது. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ வட்டி 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக ஏறியபோது, எத்தனையோ கடன்களின் காலம் கடன்பட்டவரைக் கேளாமலே நீண்டது. தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்று அவரையே கேட்கவேண்டுமென 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட நேர்ந்தது அதனால்தான். வங்கி நீட்டினால் நியாயம், நாம் கேட்டால் அநியாயம் என்பது எந்த ஊர் வழக்கு?

காலம் நீண்டால் வட்டி பெருகும் என்பது மெய். அதை மறைப்பது நேர்மையாகாது. 9 சதவீத வட்டியில் 20 லட்சம் ரூபாயைப் பத்தாண்டில் அடைக்க மாதம் சுமார் 25,300 ரூபாய் வேண்டும். இருபதாண்டாக்கினால் சுமார் 18,000 போதும், ஆனால் மொத்த வட்டி 10 லட்சத்துச் சொச்சத்திலிருந்து 23 லட்சத்தைத் தாண்டிவிடும். எனினும், மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாதாகையால், தொழில் நிமிர்ந்ததும் கூடுதலாகக் கட்டி அந்தச் சுமையைக் குறைத்துக்கொள்ளலாம். ஏலத்தில் போன வீட்டுக்கோ அந்த வழியில்லை. ஏலத்தொகை போதாவிட்டால் மீதிக் கடனும் தலைமேல் நிற்கும்.

இனி, கேட்காமலிருப்பதே கௌரவம் என்ற வாதம். சோமனூர்ப் பக்கத்தில் கூலிக்கு நெய்யும் விசைத்தறிக்காரர், பாவு வராமல் தறி நின்ற மாதங்களில், வங்கி மேலாளரிடம் போவதற்கு வெட்கப்பட்டு, முதலில் மனைவியின் நகையை அடகு வைக்கிறார். அது தீர்ந்ததும், 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த கந்து வட்டிக்கே கை நீட்டுகிறார். வங்கியிலிருந்து வந்த நோட்டீஸோ பிரிக்கப்படாமல் பீரோவில் சேலைகளுக்கடியில் கிடக்கிறது. ஒரு கடனுக்காக அதைவிடக் கொடிய இன்னொரு கடன்! இதையா நாணயம் என்பது?

ஒருவருக்குச் சலுகை தந்தால் ஊரே கட்டாமல் விட்டுவிடும் என்பாரும் உளர். 1938-இல் ராஜாஜி மந்திரிசபை, விவசாயிகளின் பழைய கடன்களில் நிலுவை நின்ற வட்டியைச் சட்டமியற்றித் தள்ளியது. அதனால் அன்றைய சென்னை மாகாணத்தில் கொடுக்கல் வாங்கல் அற்றுப்போகவில்லை. அமெரிக்காவில் 1933-இல் ஏற்படுத்தப்பட்ட வீட்டுக் கடன் கழகம், ஏறக்குறைய பத்து லட்சம் அடமானங்களை நீண்ட தவணைக்கு மாற்றியமைத்து, 1951-இல் சிறு லாபத்தோடே கணக்கை முடித்தது.

கேட்டாலும் வங்கி செவிசாய்க்காது என்பது கடைசி வாதம். திருத்தித் தந்தே ஆகவேண்டுமென்ற கட்டாயம் வங்கிக்கு இல்லைதான். திருத்திய கடன் என்ற குறிப்பும் சிபில் பதிவில் ஏறும். ஆனால் 90 நாள் நிலுவையாகி வாராக்கடன் ஆகுமுன் வருமானச் சான்றுகளோடு போகிறவருக்குப் பேச இடமுண்டு. அதற்குப் பின்னும், 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி வரும் நோட்டீஸுக்கு 60 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் எழுத்து மூலம் ஆட்சேபணை கொடுத்தால், வங்கி 15 நாளில் காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். சுவாதீனம் எடுக்க முற்பட்டால், 45 நாளுக்குள் கோவையிலேயே உள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்தை நாடலாம். ஏல அறிவிப்பு வெளியாகிவிட்டாலோ, 2016 திருத்தத்துக்குப் பின், முழுத் தொகையையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமைகூட அற்றுப்போகிறது. ஆகையால் தவணையைத் திருத்தித் தரக் கேட்கும் கடிதத்தை முதல் தவணை தவறும் மாதமே கொடுத்து, வங்கியின் முத்திரையோடு ஒப்புகை வாங்கிக்கொள்ள வேண்டும்.