சான்றிதழ் கொடுத்தால்தான் சோறா?

இலங்கையில் போர் முடிந்தது 2009 மே மாதம். மறு ஆண்டே அந்நாட்டின் துணை அமைச்சர் ஹிஸ்புல்லா ஒரு கணக்குச் சொன்னார்: போரால் விதவையானவர்கள் கிழக்கில் 49,000 பேர், வடக்கில் 40,000 பேர். சொன்னவர் அரசின் ஆள். எங்களுக்குத் தெரியாது என்று கொழும்பு கைவிரிக்க வழியே இல்லை.

இந்தக் கணக்கில் அடங்காத மனைவிமாரும் இருக்கிறார்கள். சரணடைந்த கணவனைப் படையினர் பேருந்தில் ஏற்றியதைக் கண்ணால் பார்த்தவர்கள், வெள்ளை வேனில் கடத்தப்பட்டவனை முகாம் முகாமாகத் தேடியவர்கள். 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்பாகக் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் போராட உட்கார்ந்தன. பதில் கிடைக்காமலே அவர்களில் எத்தனையோ தாய்மார் கண்ணை மூடிவிட்டார்கள்.

கணவன் பெயரில் இருக்கும் காணியை மாற்ற வேண்டுமா, வங்கிப் பணத்தை எடுக்க வேண்டுமா? மரணச் சான்றிதழ் கொண்டு வா என்றார்கள். பொட்டை அழிக்காமல், தாலியைக் கழற்றாமல் காத்திருக்கும் ஒருத்தி, 'அவர் இறந்துவிட்டார்' என்று தன் கையால் எழுதிக் கொடுத்தால்தான் பிள்ளைக்கு வழி பிறக்கும் என்றால், அது ஓர் அரசு செய்யக்கூடிய காரியமா?

2016-இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, காணாமல் போனதற்கான சான்றிதழ் போதும் என்றார்கள். நல்ல காரியம்தான். 2019 பட்ஜெட்டில், அந்தச் சான்றிதழ் உள்ள குடும்பங்களுக்கு மாதம் 6,000 ரூபாய் என்று அறிவித்து, 50 கோடி ரூபாயும் ஒதுக்கினார்கள். அதே ஆண்டு ஆட்சி மாறியது. 2022 மார்ச்சில் அமைச்சரவை ஒப்புதல் தந்ததோ ஒரே ஒரு தடவை 1 லட்சம் இலங்கை ரூபாய்க்கு. அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. அந்த லட்சம் எத்தனை மாதம் அடுப்பெரித்திருக்கும்?

அரசு ஒதுங்கிய இடத்தில் நுண்கடன் நிறுவனங்கள் நுழைந்தன. வாரம் தவறாமல் வாசலில் வசூல்காரர். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். வறட்சி பாதித்த 12 மாவட்டப் பெண்களின் 1 லட்சம் வரையிலான நுண்கடனைத் தள்ளுபடி செய்வதாக 2018-இல் அரசே அறிவிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது.

போரில் இறந்த படைவீரரின் மனைவிக்கு மாதாமாதம் பணம் போகிறது. போகட்டும்; அவளும் இழந்தவள்தான். வன்னியில் கூலிக்குப் போகும் பெண்ணுக்கு மட்டும் ஏன் அது இல்லை? அவள் பிள்ளை எந்தப் பக்கம் நின்று சண்டை போட்டது?

ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் 1939-இல் முடிந்தது. வென்ற பிராங்கோ, தன் தரப்பு விதவைகளை மட்டுமே கவனித்தார். தோற்ற குடியரசுத் தரப்பின் விதவைகளுக்கும் பிள்ளைகளுக்கும் ஓய்வூதிய உரிமை தரும் சட்டம் வந்தது 1979-இல். நாற்பது ஆண்டுகள்! அநாதையாக நின்ற குழந்தைகளுக்கே அதற்குள் தலை நரைத்துவிட்டது. இலங்கை அந்த நாற்பதில் பாதி வழியை நெருங்கிக்கொண்டிருக்கிறது.

நாம் கேட்பது இதுதான். கணவனை இழந்தவளோ தேடுபவளோ, தமிழரோ முஸ்லிமோ சிங்களவரோ, போரால் ஆதரவிழந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் மாத உதவித்தொகை வேண்டும். கிராம உத்தியோகத்தரின் உறுதிமொழியே அதற்குப் போதும். பணத்தை வாங்கினால் விசாரணையை மூடிவிடுவார்கள் என்ற பயத்தில் உதவியை மறுத்த குடும்பங்கள் உண்டு. உதவி வேறு, விசாரணை வேறு என்று சட்டத்திலேயே எழுத வேண்டும்.

வடக்கிலும் கிழக்கிலும் ஏறத்தாழ 46,000 வீடுகளுக்கு நிதி தந்த இந்தியாவுக்கு இதைக் கேட்கும் உரிமை உண்டு. தமிழக எம்.பி.க்கள் கட்சி பாராமல் நாடாளுமன்றத்தில் இதை எழுப்ப வேண்டும். வாசகர்களே, உங்கள் தொகுதி எம்.பி.க்கு இந்த வாரமே ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள்.