சாலையில் நின்று படமெடுப்பது குற்றமா?



சென்ற பள்ளி விடுமுறையில் ஆறாம் ஆண்டு மாணவர்கள் சிலரைச் சுங்காய் வட்டாரத்துப் பழைய தோட்டம் ஒன்றின் ஓரமாக அழைத்துச் சென்றேன். இடிபடக் காத்திருக்கும் லயத்து வீடுகளைப் படமெடுத்துத் திரட்டேடு ஒன்று தயாரிப்பது எங்கள் நோக்கம். பொதுச்சாலையில்தான் நின்றிருந்தோம். வாயிற்காவலர் விரைந்து வந்து, கட்டடத்தைப் படமெடுப்பது சட்டப்படி குற்றம் என்றார். எடுத்தவற்றை அழிக்கவும் சொன்னார். பிள்ளைகள் அஞ்சி அழித்துவிட்டனர். ஆசிரியனான நானும் வாய் திறக்கவில்லை. அந்த வெட்கமே என்னைச் சட்டத்தைப் புரட்ட வைத்தது.

நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கட்டடத்தையும் கலைப்படைப்பாகவே கருதுகிறது. ஆயினும், பொதுமக்கள் காணக்கூடிய இடத்தில் நிலையாக அமைந்த கலைப்படைப்பைப் படியெடுக்கவும் அப்படிகளை வழங்கவும் அதன் 13ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஈப்போ தொடர்வண்டி நிலையத்திற்கு இந்த விலக்குகூடத் தேவையில்லை. அதை வடிவமைத்த ஹப்பக் 1948இல் மறைந்தார். படைப்பாளர் மறைந்த 50 ஆண்டுகளில் பதிப்புரிமை முடிந்துவிடும். நேற்றுக் கட்டிய பேரங்காடிக்கும் அதே 13ஆம் பிரிவு பொருந்தும் என்பதே நாம் அறிய வேண்டியது.

எல்லைகளும் உண்டு. தோட்டத்து வாயிலுக்கு உள்ளே இருப்பது தனியார் நிலம். அங்கே நிர்வாகத்தின் இசைவு வேண்டும். கட்டணம் செலுத்தி நுழையும் கெல்லி மாளிகை போன்ற இடங்களில் அவர்களது விதியே செல்லும். 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டு, ‘கவாசான் லாராங்கான்’ என்று பலகை நட்ட இடத்தில் படக்கருவியை உறைக்குள் வைத்துவிடுவதே முறை. லயத்தில் இன்னும் குடியிருப்போர் இருந்தால் அவர்களிடம் ஒரு சொல் கேட்க வேண்டும். இதற்குச் சட்டம் எதற்கு, பண்பாடு போதும்.

அந்தக் காவலர் மீது எனக்குச் சினமில்லை. யாரோ சொன்னதை அவர் சொன்னார். ஆனால் என் தாத்தா பால் வெட்டிய தோட்டத்தில் லயமும் இல்லை, கோயிலும் இல்லை, செம்பனைதான் நிற்கிறது. அந்த வீட்டின் ஒரு படம்கூட எங்கள் குடும்பத்தில் இல்லை. படக்கருவி வாங்க அன்று கையில் பணமில்லை. இன்று மாணவர் கையில் கைப்பேசி இருக்கிறது, அச்சம் தடுக்கிறது.

அடுத்த விடுமுறையில் மீண்டும் அதே சாலைக்குச் செல்கிறோம். இம்முறை 13ஆம் பிரிவின் படியொன்று என் சட்டைப்பையில் இருக்கும். உள்ளே செல்ல நிர்வாகத்திற்கும் மடல் எழுதியுள்ளேன். பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளையும் அனுப்பிவையுங்கள்.